புற்றுநோய்ச் செலவு: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு இரத்தப் புற்று. இமாட்டினிப் மாத்திரை வாங்கிக் கட்டுப்படியாகாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறார். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார். ஆபத்தா மேடம்?

பதில்: ஆபத்துதான், இன்றே சொல்லிவிடுங்கள். தினமும் போட்டால்தான் அந்த மருந்து நோயை அடக்கி வைக்கும். இடையில் விட்டு நோய் தலைதூக்கினால், அடுத்து எழுதும் மருந்து பெரும்பாலும் இன்னும் விலை கூடியது. விட்டது தெரியாத டாக்டர், மருந்தே பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். இமாட்டினிப்புக்கு ஜெனரிக் (அதே மருந்து, வேறு நிறுவனத் தயாரிப்பு) உண்டு; மார்பகப் புற்றுக்குப் போடும் ட்ராஸ்டுசுமாப் மாதிரி ஊசிகளுக்கு பயோசிமிலர் (அசல் ஊசிக்கு நிகரான மாற்று) உண்டு. "அதில் எழுதித் தர முடியுமா" என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட இதில் எதுவுமில்லை.

கேள்வி: மனைவிக்கு மார்பகப் புற்று. ரேடியேஷனுக்கு 25 நாள் வரச் சொல்கிறார்கள். வண்டிச் செலவு ஒரு பக்கம், வேலை இழப்பு மறுபக்கம்.

பதில்: தொடங்கும் முன்பே கேட்க வேண்டியது இது. பலருக்கு 3 வாரத்தில் 15 தடவையே போதும், சிலருக்கு ஒரே வாரத்தில் 5 தடவை. பலன் குறைவதில்லை. நிணநீர்க் கணுவில் நோய் பரவியிருந்தாலோ, மார்பக மறுசீரமைப்பு செய்திருந்தாலோ கணக்கு மாறலாம். எலும்பில் புற்று பரவியதால் வரும் வலிக்கும் 10 தடவைக்குப் பதில் 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) ஒரே தடவை கொடுக்கலாம்; வலி அதே அளவு குறையும், ஆனால் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டிய வாய்ப்பு கூடுதல்.

கேள்வி: காப்பீட்டில் மறுத்துவிட்டார்கள் மேடம்.

பதில்: மறுப்புக் கடிதத்தில் காரணத்தையும் மேல்முறையீட்டுக் கெடுவையும் முதலில் பாருங்கள். பல நேரம் தாள் குறைதான்: பயாப்சி அறிக்கை வைக்கவில்லை, முன் அனுமதி வாங்கவில்லை, சீட்டில் பிராண்ட் பெயரும் பில்லில் ஜெனரிக் பெயரும் இருக்கிறது. மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் உதவாது, இனவாரியாக வாங்குங்கள். டாக்டர் கடிதத்தில் நோயின் நிலை, முன்பு கொடுத்த மருந்துகள், இது ஏன் தேவை என்ற மூன்றும் இருக்கட்டும்.

கேள்வி: கீமோ எடுக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. காப்பீடு வேலை வழியாக வந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். 21 நாள் சுழற்சிக் கீமோவில் வாந்தியும் சோர்வும் பெரும்பாலும் முதல் வாரத்தில். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்குவது ஏறக்குறைய 7 முதல் 14ஆம் நாளுக்குள். இரண்டு சுற்றுக்கு எந்த நாளில் முடியாமல் போகிறது என்று நாள்வாரியாகக் குறித்துவைத்து, அந்த நாட்களுக்கு மட்டும் விடுப்பு கேளுங்கள். கேட்கும்போது கீமோ அட்டவணையின் நகலையும் கொடுங்கள்.