புர்ஜ் கலீஃபாவைப் பார்க்கப் போகுமுன்: துபாய்க்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

துபாய் வந்து மூன்று வாரம் ஆகிறது என்றும், அல் கூஸ் குடியிருப்பின் மொட்டைமாடியில் நின்றால் புர்ஜ் கலீஃபா தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மேல்மாடிக்காரர்களுக்கு நோன்பு திறக்கும் நேரமே வேறு, உச்சிப் பகுதியில் ஆளே இல்லை, ஏசித் தண்ணீரில் செடி வளர்க்கிறார்கள் என்று அறைத்தோழர்கள் சொல்வதெல்லாம் உண்மையா, முதல் சம்பளத்தில் டிக்கெட் எடுத்து மேலே போய் வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் 2005இல் இங்கு வந்தவன். வேறொரு கட்டுமான இடத்தின் கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அந்தக் கோபுரம் மாடி மாடியாக எழும்பியதைச் சத்வாவில் பேருந்துக்குக் காத்திருந்த நேரங்களில் பார்த்தவன். தெரிந்தவரை சொல்கிறேன்.

நோன்புச் செய்தி உண்மைதான். உயரம் கூடக்கூட அடிவானம் தள்ளிப் போவதால், தரையில் சூரியன் மறைந்த பிறகும் மேலே இருப்பவர்களுக்கு அது தெரிந்துகொண்டிருக்கும். அதனால் 80ஆவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150க்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் பொறுத்தே நோன்பு திறக்க வேண்டும் என்று துபாய் மார்க்க அறிஞர்கள் 2011இல் அறிவித்தார்கள். என்னுடன் ஒரே அறையில் தங்கியிருந்த கீழக்கரை நண்பர் ஒருவர் அங்கே மேல்மாடிகளில் துப்புரவுப் பணி செய்தார். கைப்பேசியில் பாங்கு ஒலித்து முடிந்த பின்னும், பிரித்த பேரீச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்தபடி, கடிகாரத்தின் நொடிமுள் இரண்டு சுற்று சுற்றி வரும்வரை அவர் காத்திருப்பாராம். அந்த இரண்டு நிமிடம் அந்த நாளிலேயே நீளமானது என்று அவர் சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

உச்சியில் ஆளில்லை என்பதும் சரியே. மொத்த உயரம் 828 மீட்டர். அதில் ஏறத்தாழ 244 மீட்டர், மனிதர் புழங்கும் கடைசி மாடிக்கு மேலே நிற்கும் பகுதி. கோபுர முனையின் எஃகுக் கூட்டைக் கட்டடத்துக்கு உள்ளேயே பூட்டி, ஜாக்கிகளால் மேலே தள்ளி நிறுத்தினார்கள். ஆனால், கட்டடம் முழுவதும் இரும்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 156ஆவது மாடி வரை அது கான்கிரீட். அதற்கு மேல்தான் எஃகு.

இந்தக் கான்கிரீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகப் பெரிய வியப்பு அதுதான். ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் இடத்துக்கு வரும் ஒவ்வொரு கான்கிரீட் லாரியிலும் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பேன். சூடு ஏறினால் கலவை சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், 32 டிகிரியைத் தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து மாடிக் கட்டடத்துக்கே எங்களுக்கு அவ்வளவு பாடு. அங்கேயோ கோடையில் கலவையில் பனிக்கட்டி சேர்த்து, இரவு நேரத்தில், 600 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு பம்ப் செய்தார்கள். அது அந்நாளில் உலக சாதனை. மண்ணுக்குள்ளே, ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள 192 பைல்கள், அதாவது கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் தூண்கள், ஐம்பது மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கின்றன. அவற்றின் மேல் 3.7 மீட்டர் கனத்தில் அடித்தளம். இங்கே நிலத்தடி நீர் கடல்நீரை விட உப்பானது என்பதால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காதிருக்க மின்வேதிப் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறார்கள்.

வடிவத்தை அழகுக்காக மட்டும் அப்படி அமைத்ததாக நினைக்க வேண்டாம். கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித், கட்டமைப்புப் பொறியாளர் பில் பேக்கர் இருவரும் நடுவில் ஓர் அறுகோண மையத்தை நிறுத்தி, மூன்று சிறகுகள் அதற்கு முட்டுக்கொடுக்கும்படி அமைத்தார்கள். சிறகுகள் வெவ்வேறு உயரத்தில் படிப்படியாக உள்வாங்குவதால், காற்று ஒரே சீராகச் சுழன்று கட்டடத்தை ஆட்ட முடிவதில்லை.

ஏசித் தண்ணீரும் உண்மை. உங்கள் அறை ஏசியின் குழாயடியில் வைத்த வாளி ஓர் இரவில் எவ்வளவு நிறைகிறது என்று பாருங்கள். அங்கே அப்படி வடியும் நீர் ஆண்டுக்கு 5 கோடி லிட்டருக்கும் அதிகம். அதைச் சேர்த்துவைத்துச் சுற்றியுள்ள பூங்காவுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

உங்களுடைய வயதில் அங்கே வேலை செய்தவர்களைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மும்முரமான காலத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் பேர் வரை அங்கே உழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெற்காசியர்கள். 2006 மார்ச்சில் ஊதியமும் தங்களை நடத்தும் விதமும் சரியில்லை என்று அந்தத் தளத்துத் தொழிலாளர்கள் வெடித்தெழுந்த செய்தி எங்கள் அறைகளில் பல வாரம் பேசப்பட்டது. 2009 நிதி நெருக்கடியில் எத்தனையோ பேர் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். அபுதாபி 1000 கோடி டாலர் கொடுத்துத் துபாய்க்குக் கைகொடுத்தது. அடுத்த மாதமே, 2010 ஜனவரி 4 அன்று திறப்பு விழாவில், அதுவரை புர்ஜ் துபாய் என்று நாங்கள் அழைத்துவந்த கோபுரத்துக்கு அப்போது அபுதாபி ஆட்சியாளராக இருந்த ஷேக் கலீஃபாவின் பெயர் சூட்டப்பட்டது.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். முதல் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். மெட்ரோவில் புர்ஜ் கலீஃபா நிலையத்தில் இறங்கி, குளிரூட்டிய நடைபாலம் வழியாகத் ‘துபாய் மால்’ கடைவளாகத்தைக் கடந்து நீரூற்றுக் குளத்தருகே நின்றால், கட்டடத்தின் ஒளிக்காட்சியைக் காசில்லாமல் பார்க்கலாம். 2022 மார்ச்சில் கீழடிக் காட்சிகள் அதன் முகப்பில் ஓடியபோது நாங்களும் கீழே நின்றே பார்த்தோம். பின்னாளில் வீட்டிலிருந்து யாராவது வரும்போது 124ஆவது மாடிக்குப் போங்கள். லிஃப்ட் ஒரு நிமிடத்தில் கொண்டு சேர்த்துவிடும். சூரியன் மறையும் நேரத்துக்குக் கட்டணம் கூடுதல் என்பதால், காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். டிசம்பர் 31 அன்று மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம்: மாலையிலேயே அந்த மெட்ரோ நிலையத்தை மூடிவிடுவார்கள். அன்றிரவு உங்கள் மொட்டைமாடியிலிருந்தே வாணவேடிக்கை தெரியும்.