காய்ச்சலும் சீழும் யார் வேலை?

கேள்வி: நம் உடம்பு நோயிலிருந்து தன்னைத்தானே எப்படிக் காத்துக்கொள்கிறது? எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட முடியுமா?

இதற்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையணுக்களில் ஆரம்பிப்பார்கள். ஆனால் பல கிருமிகள் அதுவரை வருவதே இல்லை. மூச்சுக்குழாயின் உட்புறம் முழுக்க நுண்மயிர்கள். நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய கோழையைத் தொண்டைக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம், மீதியை இரைப்பை அமிலம் பார்த்துக்கொள்ளும். கண்ணீரிலும் எச்சிலிலும் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், அதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்தார், அதுவும் மூக்குச்சளியிலிருந்து!

சரி, விரலில் முள் தைத்துவிட்டது. அடுத்த சில நிமிடங்களில் அங்கிருக்கும் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை விடுகின்றன. ரத்த நாளங்கள் விரிகின்றன, இடம் சிவந்து சூடாகி வீங்குகிறது. நாளச் சுவரின் இடுக்குகளில் நெளிந்து வெளியே வரும் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கி, அங்கேயே செத்தும் போகின்றன. சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் பெரும்பகுதி அந்தச் செத்த அணுக்கள்தான். செல்கள் இப்படி வந்து சூழ்வதை முதலில் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப். 1882-இல் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற லார்வாவுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலையில் பார்த்தார். 1908-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

காய்ச்சலும் உடம்பின் சொந்த வேலைதான். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் இனி 39 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று அளவை ஏற்றிவிடும். உடம்பு 37-இல் இருப்பதால் குளிரெடுக்கும், தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். அளவு பழையபடி இறங்கினால் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விடும். பாராசிட்டமால் இந்த அளவைத்தான் இறக்குகிறது, கிருமியை ஒன்றும் செய்வதில்லை. உடம்புவலி தாங்கவில்லை என்றால் தாராளமாகப் போடலாம். தெர்மாமீட்டரில் எண் குறையவேண்டும் என்பதற்காகவே போடுவது தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கக்கூடாது. 38 டிகிரி தொட்டாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

அப்புறம், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது. பொடி, மாத்திரை என்று விற்பவர்கள் எதைக் கூட்டப்போகிறோம் என்று சொல்வதில்லை. தேவையில்லாத இடத்தில் ஹிஸ்டமின் பொங்கினால் அதற்குப் பெயர் அலர்ஜி. எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுகளையே தாக்க ஆரம்பித்தால் முடக்குவாதம். ஒரு குறிப்பிட்ட நோய்க் கிருமியை அடையாளம் வைத்துக்கொண்டு, மறுபடி வந்தால் எதிர்க்க உடம்பில் உருவாகும் நினைவுதான் நாம் நிஜமாகவே கூட்டக்கூடியது. வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை வந்தது. பிறகு 1846 வரை தலைகாட்டவில்லை. மறுபடி வந்தபோது சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். 65 வருடம் முன்பு வந்து பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்கும் திரும்ப வரவில்லை என்று பீட்டர் பனும் என்ற டாக்டர் பதிவு செய்தார். நோயில் படுக்காமலே அந்த நினைவைத் தருவதுதான் தடுப்பூசி. எல்லா நினைவும் இவ்வளவு காலம் நிற்பதில்லை. டெட்டனஸ் ஊசியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் போடச் சொல்வது அதனால்தான்.