மூலிகைக் கசாயமும் ஆய்வுகூட எலியும்: கேள்வி-பதில்

ஒரு கசாயத்தை எலியில் சோதிக்கப் போகிறேன். ஆள் குடிக்கும் அளவை எலியின் எடைக்குச் சுருக்கிக் கொடுத்தால் போதுமா? (மாணவி, பேராதனை)

போதாது. நாட்டு வைத்தியத்தில் 60 கிராம் சரக்கை 1920 மில்லிலீட்டர் தண்ணீரில் போட்டு, எட்டிலொன்றாக, அதாவது 240 ஆக வற்றவைப்பார்கள். ஒருநாளில் குடிப்பது அவ்வளவு. அதை உலர்த்தினால் 9 கிராம் மிஞ்சுகிறது என்று வையுங்கள். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் ஆகிறது. எடையை அல்ல, உடலின் மேற்பரப்பளவை வைத்துப் போடும் கணக்கில் எலிக்கு அதை 6.2 ஆல் பெருக்க வேண்டும்: கிலோவுக்கு 930 மில்லிகிராம். ஆக, 200 கிராம் எலிக்கு 186 மில்லிகிராம். எலியின் 100 கிராம் எடைக்கு 1 மில்லிலீட்டர் என்பதே ஒரு தடவைக்கு வழமையான கொள்ளளவு. தண்ணீரில் கரைத்தது என்றால் 2 வரை போகலாம்.

இது ஆள் குடிப்பதற்குச் சமமான அளவுதான். பாதுகாப்பைப் பார்க்க இதற்கு மேலும் இரண்டு அளவுகள், வெறும் தண்ணீர் கொடுக்கும் ஒரு குழு, எல்லாம் வேண்டும்.

பலர் சறுக்குவது சிரிஞ்சில். கசாயத்தின் மண்டி அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறை இழுக்குமுன்னும் போத்தலைக் குலுக்காவிட்டால் முதல் எலிக்குத் தெளிவும் கடைசி எலிக்கு மண்டியும் போகும். ஒரே குழுவுக்குள் முடிவுகள் சிதறும்.

இன்னொன்று: 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கிறது. கொழும்பில் காய்ச்சியதும் அங்கே காய்ச்சியதும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடம், காய்ச்சிய நேரம், உலர் எடை மூன்றையும் குறித்து வையுங்கள்.

மருந்து கொடுத்த சில நிமிடங்களில் எலிகள் சாகின்றன. நஞ்சா? (கண்டி)

தண்ணீர் மட்டும் குடித்த குழுவிலும் சாகிறதா என்று முதலில் பாருங்கள். சாகிறதென்றால் குற்றம் வாய்வழியே மருந்தை இரைப்பைக்குள் செலுத்தும் ஊசியில். மருந்து நுரையீரலுக்குள் போயிருக்கிறது. மூக்கில் நுரை, வாய் திறந்த மூச்சு, நீலம் பாரித்த பாதம் இதற்கு அடையாளம். அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் கசாயத்தின் பழுப்பு நிறமே காட்டிக்கொடுக்கும். குமிழ்முனை ஊசியை வாயிலிருந்து கடைசி விலா வரை வெளியே பிடித்து அளந்து அடையாளமிடுங்கள். உள்ளே தடை தட்டினால் தள்ளாமல் வெளியே எடுங்கள். முந்திய இரவு தீனியை எடுக்கலாம், தண்ணீரை எடுக்கக் கூடாது. வறண்ட எலியின் குருதியில் யூரியா ஏறி, சிறுநீரகம் கெட்டதுபோலக் காட்டும்.

'எலியில் சோதித்துப் பாதுகாப்பு உறுதியானது' என்று ஆவாரம்பூத் தேநீர்ப் பொட்டலத்தில் போட்டிருக்கிறது. நம்பித் தினமும் குடிக்கலாமா? (ஹட்டன்)

எந்தச் சோதனை என்று அதில் போட்டிருக்கிறதா? பெரும்பாலும் நடப்பது ஒரே ஒரு தடவை மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை. மூன்று பெண் எலிகளுக்குக் கிலோவுக்கு 2000 மில்லிகிராம், பிறகு இன்னும் மூன்றுக்கு அதே அளவு. முதல் 4 மணி நேரம் உன்னிப்பாகவும் பிறகு நாளுக்கொரு தடவையாக 14 நாளும் பார்ப்பார்கள். ஒன்றும் சாகவில்லை என்றால், ஒரே தடவையில் கொல்லும் அளவு 2000க்கு மேல் என்றுதான் பொருள். மாதக்கணக்கில் குடிப்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. அதற்கு 28 அல்லது 90 நாள் சோதனை வேண்டும், ஈரலை வெட்டி நுணுக்குக்காட்டியிலும் பார்க்க வேண்டும்.

ஆவாரை (சிங்களத்தில் ரணவரா) விஷயத்தில் இந்த வேறுபாடு முக்கியம். 1981இல் வெளியான ஆய்வொன்றில் இலங்கை மூலிகைகள் 50ஐத் தேடிப் பார்த்ததில் ஆவாரை, குடசப்பாலை, ஒரு கிலுகிலுப்பை வகை ஆகிய மூன்றில் பைரோலிசிடின் அல்கலொயிட்டுகள் என்னும் தாவர நச்சுகள் அகப்பட்டன. எலிகளின் ஈரலிலும் பாதிப்புத் தெரிந்தது. இந்த இனத்து நஞ்சு மெல்ல மெல்லச் சேர்ந்தே ஈரலைத் தாக்கும். எப்போதாவது ஒரு கோப்பை வேறு, தினசரி வேறு. கர்ப்பிணிகளும் ஈரல் நோயாளிகளும் தொடாமலிருப்பதே நல்லது.

எங்கள் எலிகளில் தண்ணீர்க் குழு தவிர எல்லாவற்றுக்கும் ஈரல் கெட்டிருக்கிறது, குறைந்த அளவிலும்கூட. (பண்டாரவளை)

இலையை எப்படி உலர்த்தினீர்கள்? மழைக்காலத்தில் அறைக்குள் பரப்பிய இலை நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு தனியே ஈரலைக் கெடுக்கப் போதும், பழி மூலிகை மேல் விழும். புதிய இலையை 40 பாகை உலர்த்தியில் காயவைத்து, அந்தத் தூளால் மறுபடி சோதியுங்கள்.

பாடசாலைக் கண்காட்சிக்கு எலியில் செய்து காட்டலாமா? (பதுளை)

கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் எலியைத் தொடக்கூடாது. அதற்குப் பதிலாக, உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா (இறால் போன்ற நுண்ணிய உயிரி) முட்டைகளைப் பொரிக்கவைத்து, மூலிகைச் சாறு சேர்த்த ஒவ்வொரு குழாயிலும் 10 குஞ்சுகள் விட்டு, 24 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று எண்ணுங்கள். சாறு சேர்க்காத குழாய் ஒன்றையும் மறக்காதீர்கள்.