ஓவியம் வரையத் தெரியாதவர் கலை அருங்காட்சியகத்தில் வேலையோ பயிற்சிப் பணியோ பெற முடியுமா?

தாராளமாக முடியும். அங்கே வரையத் தெரிவதைவிடக் கவனமாகப் பார்த்துப் பதிவு செய்யத் தெரிவதற்கே மதிப்பு அதிகம்.

பலரும் படைப்புகளைத் தேர்ந்து, ஆராய்ந்து, காட்சிக்கு வைக்கும் காப்பாட்சியர் பதவியை மட்டுமே மனத்தில் வைத்து விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் அந்த இடங்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் கலை வரலாற்றில் முதுகலையோ முனைவர் பட்டமோ கேட்பார்கள். வெளியில் அதிகம் தெரியாத பதிவாளர் பணியை நான் முதலில் பரிந்துரைப்பேன். ஒரு படைப்பு இரவலாக வரும்போதும் போகும்போதும் அதன் கீறல், விரிசல், நிறமங்கல் ஆகியவற்றை நிலை அறிக்கையில் குறிப்பதும், காப்பீடு, பொதி கட்டுதல், சுங்க ஆவணங்கள் ஆகியவற்றைக் கவனிப்பதும் பதிவாளரின் பொறுப்பு. படைப்புகள் சிதையாமல் காத்துச் செப்பனிடும் பாதுகாப்பு வல்லுநராக விரும்புவோருக்கு வேதியியல் அறிவு தேவை. தாளில் தீட்டிய படைப்புகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வது போன்ற நுட்பங்கள் அத்துறையில் அன்றாட விஷயம். கல்விப் பிரிவு, காட்சி அமைப்பு, நிதி திரட்டல், கணினிப் பிரிவு ஆகியவற்றிலும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

பயிற்சிப் பணியில் சேர்வோர் பொதுவாக ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது, தரவுத்தளத்தில் விவரம் ஏற்றுவது, ஒரு படைப்பு யார் யார் கையில் இருந்து வந்தது என்று தேடுவது ஆகியவற்றையே செய்வார்கள். (அரிய ஓவியத்தைத் தொடும் வாய்ப்பை முதல் நாளிலேயே எதிர்பார்க்க வேண்டாம்.) ஊதியம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள், வட அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கமே 2019இல் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் வழங்குமாறு தன் உறுப்பினர்களை வலியுறுத்தியது. விண்ணப்பக் கடிதத்தில் கலையின் மீதுள்ள காதலை விவரிப்பதைவிட, அந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ள ஒரு படைப்பைப் பற்றி நீங்களே கவனித்ததை நான்கு வரிகளில் எழுதுங்கள்.