கண்டங்கள் நகர்ந்தனவா, நடுவிலிருந்த நிலம் மூழ்கியதா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். கண்ட நகர்வுக் கொள்கைக்குச் சான்றாக, பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே விலங்கின் புதைபடிவம் கிடைத்திருப்பதைச் சொன்னேன். “இரண்டுக்கும் நடுவில் நிலம் இருந்து மூழ்கிப்போயிருக்கலாமே, கண்டமே எதற்கு நகர வேண்டும்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. குமரிக்கண்டத்தையும் உதாரணம் காட்டினாள். அவளுக்கு எப்படி விளக்குவது?

பதில்: முதலில் அந்த மாணவியை வகுப்பறையிலேயே பாராட்டிவிடுங்கள். ஜெர்மானிய வானிலை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வெகெனர் 1912-ல் இந்தக் கொள்கையை முன்வைத்தபோது, புவியியலாளர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்ததும் மூழ்கிய தரைப்பாலங்களைத்தான். புதைபடிவங்களை மட்டும் வைத்து அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு மீட்டர் அளவே நீளமுள்ள மீசோசாரஸ் என்ற நீர்வாழ் ஊர்வன அட்லாண்டிக்கை நீந்திக் கடந்திருக்காது. அதனால் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் ஒருகாலத்தில் தொடர்பில் இருந்தன என்பது உறுதி. அந்தத் தொடர்பு எப்படி அறுந்தது என்பதை எலும்புகள் சொல்வதில்லை.

ஆகவே பாடத்தைப் பனிக்கட்டியிலிருந்து தொடங்குங்கள். ஒடிசாவின் தால்ச்சேரில், பனியாறு அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய கற்களடங்கிய பாறைப்படுகை இருக்கிறது. அங்கே பனியின் வேலை நடந்திருக்கிறது என்பதை புவியியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் 1856-லேயே கண்டுகொண்டார்கள். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இதே வகைப் படிவுகள் தென்னாப்பிரிக்கா, பிரேசில், ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகிய இடங்களிலும் உள்ளன. கண்டங்கள் அன்றும் இன்றைய இடத்திலேயே இருந்திருந்தால், தென்துருவத்திலிருந்து பனிப்படலம் நிலநடுக்கோட்டையும் தாண்டி ஒடிசா வரை பரவியிருக்க வேண்டும். அதே காலகட்டத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெப்பமண்டலச் சதுப்புக் காடுகள் செழித்து நிலக்கரியாகிக்கொண்டிருந்தன. நடுவில் எத்தனை பாலம் போட்டாலும் இந்த முரண்பாடு தீராது. தென்கண்டங்களை ஒன்றுசேர்த்துத் துருவத்தின் அருகே வைத்தால் அந்தப் படிவுகள் எல்லாம் ஒரே பனிப்படலத்தின் கீழ் வந்துவிடும்.

பாறைமேல் பனி இழைத்த கீறல்களையும் காட்டுங்கள். அவை பனி நகர்ந்த திசையைச் சொல்லும். பிரேசிலின் தென்பகுதியில் பனி தென்கிழக்கிலிருந்து, அதாவது இன்று கடல் இருக்கும் பக்கத்திலிருந்து, நிலத்தை நோக்கி வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய பனிப்படலம் நிலத்தில்தான் வளரும். எனவே அந்தப் பக்கம் அன்று நிலம் இருந்திருக்க வேண்டும். மாணவர்களையே தனித்தனி வரைபடங்களில் அம்புக்குறி போடச் சொல்லி, பிறகு இரு கண்டங்களையும் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். இந்தக் கொள்கைக்கு இதைவிட நல்ல வகுப்பறைப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வெட்டும்போது கடற்கரைக் கோட்டை விட்டுவிட்டு, கண்டத்திட்டை, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி நிலத்தை, தாண்டிய சரிவில் வெட்ட வேண்டும். 1965-ல் புவி இயற்பியலாளர் எட்வர்டு புல்லார்டு குழுவினர் கணினி கொண்டு பொருத்திப் பார்த்ததும் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழக் கோட்டில்தான்.

“அந்த நிலம்தான் மூழ்கிவிட்டது” என்று மாணவி விடாமல் வாதாடினால் மகிழுங்கள். அங்கேதான் பதிலின் உயிர் இருக்கிறது. கண்டங்களின் பாறை லேசானது. சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. கடல்தரை ஏழு கிலோமீட்டர் அளவே தடிமனுள்ள கனமான பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. இரண்டும் தமக்குக் கீழே உள்ள இன்னும் கனமான கவசம் என்ற பாறை அடுக்கின்மேல் நீரில் கட்டை மிதப்பதுபோல மிதக்கின்றன. ஒரு கண்டம் தானாக நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூழ்கிக் கடல்தரையாகிவிடாது. வெகெனரும் இதையே வாதிட்டார். அட்லாண்டிக்கின் அடியில் மூழ்கிய கண்டம் கிடந்தால் துளையிடும்போது அதன் பாறை அகப்பட வேண்டும். 1968-69-ல் கிளோமர் சேலஞ்சர் கப்பல் தென் அட்லாண்டிக்கில் துளையிட்டபோது வந்தது பசால்ட். நடுக்கடல் மலைத்தொடரிலிருந்து விலக விலக அதன் வயது சீராகக் கூடிக்கொண்டே போனது. நடுவில் புதிய தரை பிறந்து, இருபுறமும் கண்டங்களை விலக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

குமரிக்கண்டம் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள். 1864-ல் லெமூரியா என்ற பெயரைக் கொடுத்தவர் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர். லெமூர் வகை விலங்குகளின் பரவலை விளக்க அவர் முன்வைத்த ஊகம் அது. பிற்பாடுதான் தமிழ் இலக்கியம் பேசும் கடல்கோளோடு அது இணைக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலின் அடியில் அப்படி ஒரு பெருநிலம் இல்லை. சீஷெல்ஸ் தீவுகளில் கிரானைட் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். இந்தியா பிரிந்து வடக்கே வந்தபோது பின்தங்கிவிட்ட சிறு துண்டு அது. தென்கண்டங்களும் இந்தியாவும் ஒன்றாயிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தது மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பு என்பதையும் சொல்லுங்கள்.

ஆனால் கடல் நிலத்தை விழுங்கியதே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. உங்கள் மாவட்டத்தை ஒட்டிய பாக் நீரிணை அன்று தரை. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். ஆழமற்ற கண்டத்திட்டில் தரைப்பாலம் உண்மை. அங்கே நிலம் தாழவில்லை, நீர்தான் உயர்ந்தது.

தேர்வுக்கு ஒன்று. வெகெனர் நகர்வுக்குச் சொன்ன காரணங்கள், அதாவது பூமியின் சுழற்சியால் வரும் விசையும், நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் வரும் ஓத விசையும், மிகவும் பலவீனமானவை என்று புவி இயற்பியலாளர் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் கணக்கிட்டுக் காட்டினார். அந்த எதிர்ப்பு நியாயமானது. “வெகெனர் கொள்கை தவறு” என்று மாணவர்கள் எழுதினால் திருத்துங்கள். நகர்வு உண்மை, அவர் கூறிய விசைதான் தவறு. பெங்களூரு, ஹைதராபாத் ஜி.பி.எஸ். நிலையங்களின் அளவீடுகளின்படி, இந்தியா இன்றும் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவு வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது.