கோடிங் வேலை, சொந்தத் தொழில்: கேட்டவையும் சொன்னவையும்

கோவையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். அதற்கு முன் சென்னையில் சர்வீஸ் கம்பெனி வேலை. விடாமுயற்சி, உழைப்பு பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சப்போர்ட் புராஜெக்ட், நைட் ஷிஃப்ட். ஜாவா, பைதான், ரியாக்ட் என்று கோர்ஸ் மேல் கோர்ஸ் முடிக்கிறேன். சொந்தமாக என்ன செய்தீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்டால் பதில் இல்லை.

அடுத்த கோர்ஸை வாங்காதீர்கள். வீடியோவைப் பார்த்து அதே நிரலைத் தட்டும்போது கஷ்டமான முடிவுகளையெல்லாம் பாடம் நடத்துபவரே எடுத்துவிடுகிறார். உங்களுக்கு மிச்சம் இருப்பது டைப்பிங் மட்டும்தான்.

சப்போர்ட் வேலையிலேயே சரக்கு இருக்கிறது. தினமும் ஒரே அலர்ட் வருகிறதா? சிஸ்டம் தன் நடப்புகளைப் பதிவுசெய்யும் லாக் ஃபைலில் ஒரே விஷயத்தைத் தேடுகிறீர்களா? மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, அதைத் தேடித் தரும் சின்ன பைதான் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுங்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுங்கள். அவர் கையில் அது கட்டாயம் உடையும். ஃபைல் இருக்காது, தேதி வேறு வடிவில் இருக்கும், பெர்மிஷன் இருக்காது. அதையெல்லாம் சரிசெய்யும்போதுதான் படிப்பே ஆரம்பிக்கிறது. இன்டர்வியூவில் சொல்ல வேண்டிய கதையும் அதுதான்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உழைத்தால் முன்னேறலாம்?

மணிக்கணக்கு எனக்குப் பிடிக்காத கணக்கு. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1996இல், அரட்டை அறையில் நாணய மாற்று விகிதம் காட்டுவதற்காக ஒரு சின்னக் கருவியில் கை வைத்தார். இணைய முகவரி கொடுத்தால் தரவைக் கொண்டுவரவும் அனுப்பவும் உதவும் அந்தக் கருவி 1998இல் கர்ல் என்று பெயர் பெற்றது. பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான் அதை வளர்த்தார். முழுநேர வேலையாக அது மாறியது 2019இல். இன்று போன், கார், டிவி என்று எதைப் பிரித்தாலும் உள்ளே கர்ல் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் இரவெல்லாம் கண்விழித்தாரா என்பது முக்கியமில்லை. அதே கருவிக்கு மறுநாளும் திரும்பி வந்தார். நம் ஆட்கள் மூன்று வாரம் வெறித்தனமாக உழைத்துவிட்டு நான்காவது வாரம் வேறு மொழிக்குத் தாவுகிறார்கள்.

கேள்வி: ஃபேஸ்புக் நிராகரித்த பிரையன் ஆக்டன்தான் பிறகு வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக்குக்கே விற்றார். அதை நினைத்துத்தான் ஒவ்வொரு நிராகரிப்பையும் தாங்குகிறேன். சரியா?

தாங்க உதவினால் சரி. ஆனால் அந்தக் கதையைப் பாதியில் வெட்டித்தான் சொல்கிறார்கள். 2009இல் நிராகரிக்கப்படும் முன்பே அவர் யாஹூவில் பத்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கோமும் அங்கே அவரோடு இருந்தவர்தான். 2014இல் அறிவித்த 1,900 கோடி டாலருக்குப் பின்னால், கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் சர்வர்களை ஓட்டிய அனுபவமும் இருக்கிறது. அதனால் நிராகரிப்பை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். எந்தக் கேள்வியில் திணறினீர்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

கேள்வி: ஆர்ட்ஸ் காலேஜ், ஆங்கிலம் சுமார். வாய்ப்பு உண்டா?

உண்டு. பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் வேலைக்கு எடுக்கிறது. ஆங்கிலத்தில் முதலில் தேவைப்படுவது எர்ரர் மெசேஜை முழுதாகப் படிக்கும் பொறுமை. மேடைப் பேச்சு பிறகு வரட்டும்.

கேள்வி: கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி விற்றேன். சில கடைகளோடு விற்பனை நின்றுவிட்டது. வாங்கியவர்களோ இரவு பத்து மணிக்குப் போன் செய்து இலவச சர்வீஸ் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா?

பத்து மணிக்குப் போன் வருகிறதென்றால் உங்கள் சாஃப்ட்வேரில்தான் அவர் கடை ஓடுகிறது. வாங்கியவர் போனே செய்யவில்லை என்றால்தான் நான் மூடச் சொல்வேன். உங்கள் சிக்கல் விலையில் இருக்கிறது. ஒருமுறை காசு வாங்கிக்கொண்டு காலம் முழுக்க உழைக்க ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு தொகை, அதாவது ஏஎம்சி என்று மாற்றுங்கள். சிலர் சண்டை போடுவார்கள், சிலர் போய்விடுவார்கள். போகட்டும்.

அதைக் கேட்க நல்ல நேரம், வரி மாறும் நேரம். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது வாட் என்ற பழைய விற்பனை வரிக் கணக்கில் ஓடிய பில்லிங் நிரல்களையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது: பொருளின் வகையைச் சொல்லும் எச்எஸ்என் எண், மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்ற பிரிப்பு, புது பில் வடிவம். 2025 செப்டம்பர் 22இல் 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5, 18 சதவீதத்துக்கு மாறின. விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தவர்களுக்கு அது கடை கடையாக ஏறி இறங்கும் வேலை. டேட்டாபேஸில் தனி டேபிளாக, அமலுக்கு வரும் தேதியோடு வைத்தவர்களுக்கு ஓர் அப்டேட், ஒரு டீ. அந்த வாரத்தில் ஏஎம்சி பேசினால் முகம் சுளிப்பவர்கள் குறைவு.

அப்புறம், விற்பனை நின்றதைப் பற்றி. விடாமுயற்சி என்பது அதே பொருளை அதே ஆளிடம் நீட்டிக்கொண்டே இருப்பதல்ல. ஜோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில், தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தது. இணைய நிறுவனங்கள் வரிசையாக விழுந்த டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்களில் பலர் காணாமல் போனார்கள். அதே திறமையோடு, நிறுவனங்களின் ஐடி துறைக்கான மேனேஜ்எஞ்சின் மென்பொருள் பக்கம் திரும்பினார்கள். 2005இல் ஜோஹோ செயலிகள் வந்தன, 2009இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆனது. வாடிக்கையாளரை மாற்றினார்கள், பொருளை மாற்றினார்கள். வெளி முதலீடு வாங்காமல் மென்பொருள் செய்து விற்பதை மட்டும் மாற்றவில்லை.

உங்கள் ஊரிலும் பாருங்கள். மளிகைக் கடை நகரவில்லை என்றால் பேட்ச் எண், காலாவதித் தேதி பார்க்கும் மருந்துக் கடைக்கு அதே நிரலை வளைக்க முடியுமா? இரண்டு நாள் ஒரு மருந்துக் கடை கவுண்டருக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஏஐ நொடியில் நிரல் எழுதுகிறது. இனி உழைத்து என்ன பயன்?

எழுதியது சரியா என்று யார் சொல்வது? ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் இன்று ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோன்களிலும் இருக்கிறது. அதன் நிரலைவிட அதைச் சோதிக்கும் நிரல் பல நூறு மடங்கு பெரிது. ஏஐயை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அது தருவதைச் சோதிக்கத் தெரியாதவரை நான் வேலைக்கு எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகச் சொந்த செயலியில் இறங்கலாமா? வீட்டுக் கடன் இருக்கிறது.

இப்போது வேண்டாம். இஎம்ஐ தேதி நெருங்கும்போது யாரும் நல்ல முடிவு எடுப்பதில்லை. எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவீர்கள். முன்பின் தெரியாத சிலர் மாதா மாதம் பணம் கட்டும்வரை வேலையில் இருங்கள். உறவினர்கள் கட்டுவது கணக்கில் சேராது. ஆஃபர் லெட்டரையும் எடுத்துப் படியுங்கள். அலுவலக நேரத்துக்கு வெளியே எழுதுவதும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு வரி இருந்தால், எச்ஆரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிய பிறகு தொடங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.