இரண்டாம் ஆண்டில் பெங்களூருக்கு மாற வேண்டுமா?

திண்டுக்கல் பக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் உங்கள் மகள் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பொறியியல்) முதலாண்டை முடிக்கிறாள். கவுன்சலிங்கில் கிடைத்த இடம், முதல் பட்டதாரி சலுகை, சி.ஜி.பி.ஏ. 8.1, ஒரு அரியர்கூட இல்லை. பெங்களூரில் இருக்கும் தாய்மாமன், அங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் பேசி வைத்திருக்கிறார். இந்த வாய்ப்பை விட்டால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடுமோ என்று கேட்கிறீர்கள்.

போகாது. மாற்றினால்தான் சிக்கல். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பினால் அடுத்த மாதமே டி.சி. வாங்கிவிடுவீர்கள். அதனால் கணக்கைப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியபடி கட்டணம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய், விடுதியும் சாப்பாடும் 1,50,000. மூன்று ஆண்டுக்கு 15 லட்சம். முதல் பட்டதாரி சலுகை ஒற்றைச்சாளரக் கவுன்சலிங் இடத்தோடு ஒட்டியது. அந்த இடத்தை விட்டால் அதுவும் போயிற்று. ஈடு இல்லாத கல்விக்கடன் பொதுவாக 7.5 லட்சம் வரைதான். அதற்கு மேல் கேட்டால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 13,200 ரூபாய். படிக்கும்போதே ஏறும் வட்டி இதில் சேரவில்லை. உங்கள் தையல் கடை வருமானத்தில் இதைச் சுமக்கச் சொல்ல மாமாவுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

"கிரெடிட் எல்லாம் அப்படியே மாறிவிடும்" என்று அங்குள்ள ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தேறிய தாள்களுக்கான கிரெடிட் புள்ளிகள் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்ற மாணவர் கணக்கில் ஏறியிருப்பது வேறு, சேரும் பல்கலைக்கழகம் அதை ஏற்பது வேறு. பாடவாரியாகப் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுத்தான் ஏற்பார்கள். உங்கள் மகள் படித்த 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' தாள்களுக்கு அங்கே இணை கிடைப்பது அரிது. துறையும் மாறுவதால், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் முதலாண்டில் முடித்த தாள்களை இவள் மூன்றாம் செமஸ்டர் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டிவரும். அதில் ஒன்று தவறினாலும் அரியர். வேலைக்கு வரும் நிறுவனங்கள் பல அரியர் இருப்பவர்களை உள்ளேயே விடுவதில்லை. சேர்க்கை இழுத்தடித்து ஆகஸ்ட் கடைசியில் போய் உட்கார்ந்தால் வருகைப்பதிவும் இடிக்கும்.

குடும்பமே ஊர் மாறுகிறது, கல்லூரியை மூடுகிறார்கள் என்றால் மாறித்தான் ஆக வேண்டும். அப்போதும், எந்தெந்தத் தாள் ஏற்கப்பட்டது என்ற பட்டியல் எழுத்தில் கைக்கு வந்த பிறகே டி.சி. கேளுங்கள். வாங்கிய பிறகு பழைய இடம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். மிச்ச ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று கல்லூரி சொன்னால், அதைத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி அனுமதிக்கவில்லை.

இப்போது மகளுக்கு வருகிறேன். வீட்டில் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, சர்க்யூட் போர்டு தானே செய்கிறாள் என்று கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். அது கவலையா? அவள் எங்கே போக விரும்புகிறாள் என்பதை அவள் கை ஏற்கெனவே காட்டிவிட்டது. அவளைக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற்றுவதை நான் எதிர்க்கிறேன்.

பெரிய பெயர் வேண்டும் என்றால் அதற்கு லட்சக்கணக்கில் கொட்டாத வழி இருக்கிறது: ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் எம்.டெக். சேர எழுதும் கேட் (GATE) தேர்வு. நான்காம் ஆண்டு முடித்துத்தான் எழுத வேண்டும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஆக, மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் ஒருமுறை, நான்காம் ஆண்டில் மறுமுறை. எது நல்லதோ அதை வைத்து எம்.டெக். விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதத்துக்கு 2,97,600. ஒரு பக்கம் 15 லட்சம் கொடுப்பது, மறுபக்கம் மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு சிப் வடிவமைப்பு படிப்பது.

தேர்வு மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொதுத்திறன், மிச்சம் கணிதமும் துறைப்பாடமும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குத் தவறினால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். எண்ணை நிரப்பும் கேள்விக்கும் பல விடைக் கேள்விக்கும் கழிவு கிடையாது. திரையில் வரும் கால்குலேட்டர்தான் அனுமதி. வீட்டில் கைக்கால்குலேட்டரில் பழகியவர்கள் அங்கே நேரத்தை இழக்கிறார்கள். மூன்றாம் செமஸ்டரிலிருந்தே நெட்வொர்க்ஸ், சிக்னல்ஸ், டிஜிட்டல், அனலாக் என்று கல்லூரிப் பாடத்தோடு சேர்த்து, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பழைய கேட் கேள்விகளைப் போடட்டும். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் என்.பி.டெல். வீடியோக்கள் இலவசம். முதல் ஆண்டிலேயே கோச்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பெற்றோர் தவறவிடும் இடம் இரண்டு. ஒன்று, முடிவு வந்ததும் ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கோவாப் (COAP) என்ற பொது இணையதளம், கிடைத்த இடத்தை ஏற்கவும் மறுக்கவும்தான்; அங்கே பதிந்துவிட்டு விண்ணப்பித்துவிட்டோம் என்று இருந்துவிடுகிறார்கள். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற வேறு கவுன்சலிங். இரண்டு, தமிழக அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசு படிவத்தில், அந்த நிதியாண்டுக்கான ஓ.பி.சி. கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாலுகா அலுவலகத்திலிருந்து வர நாளாகும் என்பதால் ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.

மாமாவிடம் நீங்களே பேசுங்கள், மகளை அனுப்ப வேண்டாம். முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், சேரவில்லை என்று இந்த வாரமே எழுத்தில் கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள்.